வெள்ளைச் சுவரும் ஆட்டோமேட்டிக் கேமராவும்

எங்கள் பக்கத்துப் புகைப்படக்காரர்கள் சங்கம் இந்த ஆண்டு ஒரு மலர் போடுகிறது. அதற்கு என்னிடம் கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கையில் கொடுத்துவிட்டார்கள்: பிலிம் கேமரா வாங்குவதாக இருந்தால் ஆட்டோமேட்டிக்கா, மேனுவலா? போனிலேயே எல்லாம் எடுக்கிற காலத்தில் பிலிம் கேமராவை எவன் தேடுகிறான் என்று கேட்டேன். தேனியிலும் கம்பத்திலும் இப்போது ஒரு கூட்டமே தேடுகிறதாம். பழைய ரேஞ்ச்பைண்டர் கேமராக்களைத் தூசி தட்டி வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறார்களாம். "நீங்க ரெண்டையும் வச்சு வேலை பாத்தவரு சார், உங்களுக்குத்தான் தெரியும்" என்றார் சங்கச் செயலாளர்.

தெரியும்தான். ஆனால் எனக்குத் தெரிந்த விதத்தைச் சொன்னால் என் மானம் போகும். அதனால் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்துப் பார்த்தேன். செயலாளர் விடுகிற ஆளாக இல்லை. போகட்டும், இந்த வயதில் மானத்தை வைத்து என்ன செய்யப்போகிறேன் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் ஆண்டிபட்டிக்காரன். தறி வேலை பிடிக்காமல் கம்பத்துக்கு வந்து ஒரு ஸ்டூடியோவில் ஒட்டிக்கொண்டேன். மருந்துத் தட்டுக் கழுவி, பிலிம் உலர்த்தி, பிரிண்ட் போட்டு, கடைசியில் வெளி வேலைக்குத் தனியாகப் போகிற ஆளானேன். கற்றுக்கொண்ட கதையைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் படுகிற பாடுதான்.

முதலாளியை அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். போடியிலிருந்து வந்த வியாபாரக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்துதான் கடையைத் திறப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தாலே நான் இருட்டறைக்குள் நழுவிவிடுவேன். மற்றவர்கள் ஒரு மணி நேரம் திட்டுவதை அவர் அந்தத் துடைப்பிலேயே முடித்துவிடுவார்.

அவரிடம் இருந்தது பழைய மேனுவல் ரேஞ்ச்பைண்டர். இப்போதைய பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அதில் கண்ணை வைத்தால் நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம் தெரியும். அந்தக் கட்டத்துக்குள் ஆள் இரண்டாகத் தெரிவார். வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். உட்கார்ந்துவிட்டால் போகஸ் சரி. ஆனால் வெளிச்சத்தைப் பற்றி அந்தக் கேமரா வாயே திறக்காது. லென்ஸை எவ்வளவு திறப்பது, எவ்வளவு நேரம் திறப்பது என்பதை எடுக்கிறவன்தான் முடிவு செய்ய வேண்டும்.

அண்ணாச்சி மீட்டர் வைத்துக்கொள்ளவில்லை. படத்துக்கு நிற்கிறவர் பக்கத்தில் போய், தன் உள்ளங்கையை விரித்துப் பிடிப்பார். கையில் விழும் வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். வானத்தைப் பார்க்க மாட்டார், பின்னால் இருக்கும் சுவரைப் பார்க்க மாட்டார். திரும்பி வந்து "எட்டுல வையி" என்பார், லென்ஸ் திறப்பின் அளவு அது. வைத்தால் சரியாக இருக்கும். எனக்கு இது பிடிக்கவில்லை. ஜோசியக்காரன் போலக் கையைப் பார்த்துப் படம் எடுப்பதா என்று மனதுக்குள் சிரிப்பேன்.

பெண் பார்க்கிற படம் என்றால் இதற்கு மேலும் ஒரு வேலை உண்டு. "பொண்ணுக்கு ரெண்டு கிளிக்கு" என்பார் அண்ணாச்சி. சரியான அளவைவிட லென்ஸை இரண்டு கிளிக் கூடத் திறந்து, பிரிண்டையும் வெளுப்பாகப் போட வேண்டும். கறுப்பு-வெள்ளைப் படம் அல்லவா, கன்னமெல்லாம் பால் ஊற்றியதுபோல விழும். கூடலூரிலிருந்து சின்னமனூர் வரை எங்கள் ஸ்டூடியோவில் எடுத்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே நிறம். பெண் வீட்டார் என் கையைப் பிடித்துக்கொண்டு "கொஞ்சம் கலரா விழுகணும் தம்பி" என்பார்கள். அவர்கள் சொல்லாவிட்டாலும் அப்படித்தான் விழும். மாப்பிள்ளை வீட்டாருக்கும் இது தெரியும். படத்தைப் பார்த்ததுமே மனதுக்குள் இரண்டு படி குறைத்துக்கொள்வார்கள்.

அந்த நேரத்தில்தான் குமுளியில் ஏலக்காய் வியாபாரம் செய்த ஒரு மலையாளி, வளைகுடாவிலிருந்து மைத்துனர் கொண்டுவந்த ஜப்பான் கேமரா ஒன்றை விற்க வந்தார். இதுவும் ரேஞ்ச்பைண்டர்தான், அதே மஞ்சள் கட்டம்தான். ஆனால் லென்ஸுக்கு மேலே கண்ணாடி பதித்த ஒரு பொத்தான் போல ஒன்று இருந்தது. "இதினு கண்ணுண்டு, கேட்டோ" என்றார் அவர். வெளிச்சத்தை அந்தக் கண் பார்த்து, திறப்பையும் நேரத்தையும் கேமராவே வைத்துக்கொள்ளும். நாம் போகஸ் பார்த்து அமுக்கினால் போதும். எனக்கு எச்சில் ஊறியது. ஒரு வாரம் நச்சரித்து அண்ணாச்சியை வாங்க வைத்துவிட்டேன்.

"கண்ணு இருக்கு, சரி. எதப் பாக்கணும்னு அதுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"எல்லாத்தையும் பாக்கும் அண்ணாச்சி" என்றேன், நானே கண்டுபிடித்த மாதிரி.

கேமரா வந்த சில நாளிலேயே காமயகவுண்டன்பட்டியிலிருந்து ரெங்கசாமி என்ற திராட்சைத் தோட்டக்காரர் வந்தார். அவர் மகள் முருகேஸ்வரியை எங்கள் ஸ்டூடியோவில் ஏற்கெனவே எடுத்திருந்தோம். அந்தப் படத்தைப் பார்த்து இரண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டும் கூடவில்லை. "புள்ள இனி ஸ்டூடியோவுக்கு வரமாட்டேங்குது. நீங்கதான் வீட்டுக்கு வரணும்" என்றார். அண்ணாச்சி என்னை அனுப்பினார். பையில் இரண்டு கேமராவையும் வைத்தார். "எது தோதுப்படுதோ அதுல எடு" என்றார். டவுன் பஸ் ஏறும்போதே நான் முடிவு செய்துவிட்டேன். பழைய கேமரா பைக்குள்ளேயே கிடந்தது.

பொங்கலுக்கு வெள்ளையடித்த வீடு. வெயில் சுவரில் பட்டுக் கண் கூசியது. முருகேஸ்வரி அடர் நிறச் சேலை கட்டியிருந்தாள். பெண் பார்க்கிற படத்துக்கு நிற்கிற பெண்கள் வழக்கமாக வாய் திறப்பதில்லை. இவள் நேராக என்னிடம் வந்தாள்.

"அண்ணே, என்னைய வெளுப்பா எடுக்கக் கூடாது. இருக்கிற மாதிரி எடுங்க."

அவள் அம்மா சின்னத்தாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏண்டி, அவுகளுக்கே நீ தொழில் சொல்லித் தர்றியா?"

"நீ சும்மா இரும்மா. அண்ணே, போன தடவ வந்தவுகள்ல ஒரு அம்மா, போட்டோவ என் கன்னத்துக்குப் பக்கத்துல வச்சுப் பாத்தாக. கேசரியத் தின்னுக்கிட்டே, 'இது அக்கா போட்டோவா, தங்கச்சி போட்டோவா'ன்னு கேட்டாக. எனக்கு அக்காவும் இல்ல, தங்கச்சியும் இல்ல. தெருவே நின்னு பாத்துச்சு. இன்னொருக்கா அந்த மாதிரி என்னால நிக்க முடியாது."

அவள் அழவில்லை. கடையில் கணக்குத் தீர்க்கிறவர் போலத்தான் பேசினாள். அப்படிப் பேசுகிற பெண்ணை நான் பார்த்ததில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, சரியான கேமராவோடு சரியான இடத்துக்கு வந்திருக்கிறேன் என்று.

"கவலைப்படாதம்மா" என்று கேமராவை எடுத்துக் காட்டினேன். "இதுல ஆளு கை வைக்கிற வேலையே கிடையாது. தானாப் பாக்கும், தானா எடுக்கும். நானே நெனச்சாலும் வெளுப்பாக்க முடியாது. மிஷினு பொய் சொல்லாது."

இப்போது எழுதும்போதும் அந்தக் கடைசி வாக்கியத்தில் என் முகம் சுடுகிறது.

அவள் சிரித்தாள். சுவருக்கு முன்னால் போய் நின்றாள். தலையைக் குனி, கண்ணைத் தாழ்த்து என்றெல்லாம் நான் சொல்லவில்லை, அவளும் செய்யவில்லை. கேமராவை நேருக்கு நேராகப் பார்த்தாள். மஞ்சள் கட்டத்தில் இரண்டு முருகேஸ்வரிகளும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். அமுக்கினேன். டக்கென்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். போகஸ் வளையத்தைத் தவிர என் கையால் எதையும் வைக்கவில்லை, எதையும் திருப்பவில்லை.

பிரிண்ட் போடும்போது சுவரும் தெரிந்தது, சேலையின் கரையும் தெரிந்தது. முகம் மட்டும் அட்டைக்கரியாக இருந்தது. தாளுக்கு வெளிச்சம் காட்டும் நேரத்தைக் குறைத்துப் போட்டுப் பார்த்தேன். கரி சாம்பலானதே தவிர, அதற்குள்ளிருந்து கண்ணோ மூக்கோ எழுந்து வரவில்லை. நேரில் பார்த்த பெண் இப்படி இல்லையே என்று ஒரு நெருடல் இருந்தது. ஆனால் கை வைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் அல்லவா? கை வைக்காமல் இருப்பதுதான் நேர்மை என்று நினைத்தேன். அண்ணாச்சி அன்று மதுரைக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் காட்டியிருப்பேனா என்பதும் சந்தேகம்தான். உறைக்குள் போட்டு மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

முருகேஸ்வரிதான் உறையைப் பிரித்தாள். படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள், பிறகு நிழலில் பிடித்தாள்.

"இம்புட்டுக் கறுப்பாவாண்ணே இருக்கேன்?"

நான் வாய் திறப்பதற்குள் சின்னத்தாயி முந்திக்கொண்டார். "மிஷினு பொய் சொல்லுமா, ஆத்தா? அவுகதான் அன்னைக்கே சொன்னாகல்ல?"

என் வார்த்தை. அதை அவர் அப்படியே நம்பி, தன் மகளிடமே திருப்பிச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம், அப்படி ஓர் ஆட்டல். முருகேஸ்வரி படத்தை உறைக்குள் வைத்தாள். "சரிண்ணே. கேட்டது நான்தானே" என்று உள்ளே போய்விட்டாள்.

இனி நடந்ததுதான் வேடிக்கை. அந்தப் படம் உத்தமபாளையத்தில் ஒரு வீட்டுக்குப் போனது. பையன் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறவர். படத்தைப் பார்த்துவிட்டு, குணம் நல்லா இருந்தால் சரி என்று அரை மனதோடு கிளம்பி வந்தவர்கள், பெண்ணை நேரில் பார்த்ததும் "போட்டோவுக்குப் பொண்ணு எவ்வளவோ தேவலையே" என்று அங்கேயே பூ வைத்துவிட்டார்கள்.

ரெங்கசாமி ஒரு கூடை பன்னீர் திராட்சையைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தார். "தம்பி எடுத்த போட்டோதான் கல்யாணத்தக் கூட்டி வச்சுச்சு" என்று கடையில் இருந்தவர்கள் முன்னால் என் தோளைத் தட்டினார். நான் இளித்துக்கொண்டு நின்றேன். ஒன்றிரண்டு பழத்தை வாயில் போட்டதாகவும் ஞாபகம்.

அவர் போனதும் அண்ணாச்சி நெகட்டிவைக் கேட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"மூஞ்சி இருக்க வேண்டிய இடத்துல ஒண்ணுமே பதியலையே. வெறும் பிலிமால்ல இருக்கு" என்றார். "சுவரு வெள்ளையா?"

"ஆமா அண்ணாச்சி."

"மத்தியான வெயிலா?"

"ஆமா."

"உன் மிஷினு சுவரப் பாத்திருக்கு. எம்புட்டு வெளிச்சம்னு மெரண்டு டக்குனு மூடிக்கிருச்சு. அந்தப் புள்ள மூஞ்சி அதுக்குக் கண்ணுலயே படல."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. கேமராவின் கண்ணுக்கு ஆள் வேறு, சுவர் வேறு என்று கிடையாது. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி ஒரு சராசரி எடுக்கும். வெள்ளைச் சுவர் படத்தை நிறைத்து நின்றால், அந்த வெள்ளையை அடக்குவதற்காக எல்லாவற்றையும் இருட்டாக்கும். முகத்துக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்து முடிவு செய்திருந்தால், அண்ணாச்சி கையை விரிப்பாரே அப்படி, அவள் முகம் அவள் முகமாகவே விழுந்திருக்கும். அதற்கான கேமரா என் பைக்குள்ளேயே இருந்தது.

"நாமளும் ரெண்டு கிளிக்கு வச்சுப் பொய்தான எடுக்குறோம்" என்றேன், தப்பிக்கப் பார்த்து.

"பொய்தான். அது பொய்னு எடுக்கிற எனக்குத் தெரியும், நிக்கிற புள்ளைக்குத் தெரியும், பாக்க வர்றவனுக்கும் தெரியும். நீ நெசம்னு சொல்லில்ல குடுத்திருக்க?" அவர் நெகட்டிவை உறைக்குள் போட்டார். "ஒரு எட்டுப் போயி அந்தப் புள்ளகிட்டச் சொல்லிட்டு வந்துரு. தப்பு கேமராவுலன்னு சொல்லு, இல்ல உன்கிட்டன்னு சொல்லு, ஏதோ ஒண்ணு. சொல்லிரு."

"அதான் கல்யாணம் கூடிருச்சே அண்ணாச்சி."

அவர் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். அதன்பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

நான் போகவில்லை. அடுத்த வாரம் போகலாம் என்று நினைத்தேன். பிறகு, கூடின கல்யாணத்தில் போய் எதற்குக் குட்டையைக் குழப்புவது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. நச்சரித்து வாங்க வைத்த கேமரா, ஊரெல்லாம் பெருமை அடித்த கேமரா. அது தப்பு செய்யும் என்று என் வாயால் சொல்ல எனக்குக் கூச்சம். அதிலும் ஒரு பெண் பிள்ளையிடம். என் கூச்சத்தை அவள் தலையில் கட்டினேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

கல்யாணத்துக்குப் படமெடுக்க என்னையே கூப்பிட்டார்கள். பழைய கேமராவைத்தான் கொண்டுபோனேன். பக்கத்தில் போய்க் கையை விரித்து வெளிச்சம் பார்த்து, ஒவ்வொன்றும் சரியாக எடுத்தேன். என்ன பிரயோசனம்? முருகேஸ்வரி ஒரு படத்தில்கூட நிமிரவில்லை. "நிமிந்து பாரும்மா" என்றேன், கெஞ்சினேன். அன்று வெள்ளைச் சுவருக்கு முன்னால் நேராகப் பார்த்த பெண், மணமேடையில் மாலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஆல்பத்தைப் பார்த்தவர்கள், பொண்ணு வெட்கம் அழகா விழுந்திருக்கு என்று பாராட்டினார்கள். எனக்கு மட்டும் தெரியும், அது வெட்கமில்லை. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு ஆல்பத்தைக் கட்டிக் கொடுத்தேன்.

பிறகு தேனிக்கு வந்து சொந்தமாக ஸ்டூடியோ வைத்தேன். கலர் வந்தது, டிஜிட்டல் வந்தது, எல்லாம் தானாகவே எடுக்கிற காலமும் வந்தது. வெள்ளைச் சட்டை வேட்டிக் கூட்டத்தை எடுக்கும்போதெல்லாம் ஒரு கிளிக் கூட்டி வைக்க என் விரல் தானாகப் போகும். கண்ணில் புரை விழுந்ததும் கடையை ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன்.

சில மாதங்களுக்கு முன் முருகேஸ்வரியின் மகனுக்குக் கம்பத்தில் கல்யாணம். அவர் வீட்டுக்காரர் எனக்குப் பத்திரிகை வைத்திருந்தார். போனேன். மேடையில் விளக்குகள், மேலே பறக்கிற கேமரா, பெரிய திரை எல்லாம் இருந்தன. படமெடுக்கிறவர் மைக்கில் "மாப்பிள்ளையோட அம்மா மேடைக்கு வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "இந்தா வர்றேன், இந்தா வர்றேன்" என்று ஓரத்திலிருந்து குரல் மட்டும் வந்தது, ஆள் வரவில்லை. மகன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "எங்கம்மா வராதுண்ணே. அது ஆதார் கார்டுக்கு மட்டும்தான் நிக்கும்." மேடையே சிரித்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

முருகேஸ்வரியைப் பந்திக்கூடத்தில் போய்ப் பிடித்தேன். இலை போடுகிறவர்களை விரட்டிக்கொண்டு நின்றார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் "வாங்கண்ணே, மொதப் பந்தியிலயே உக்காருங்க" என்றார். நான் உட்காரவில்லை. கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளைச் சுவர், கேமராவின் கண், நெகட்டிவில் முகம் பதியாமல் போனது, அண்ணாச்சி போய்ச் சொல்லச் சொன்னது, நான் போகாதது. ஒன்றையும் விடவில்லை. கடைசியில், சமாதானமாக இருக்கட்டும் என்று, "நீ அம்புட்டுக் கறுப்பெல்லாம் இல்லம்மா" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இத்தனை வருசம் கழித்தும் நான் அதே பிழையைத்தான் செய்கிறேன் என்று அந்தப் பார்வையில் தெரிந்தது.

"கறுப்பு எனக்குத் தெரியாதாண்ணே? பெறந்ததுல இருந்து கறுப்புத்தான். எங்கப்பாவும் கறுப்பு. அதுக்கு நான் வெசனப்பட்டதே இல்ல. அந்தப் போட்டோவுல எனக்கு மூஞ்சியே இல்லண்ணே. கண்ணு இல்ல, மூக்கு இல்ல. வெளியில இருந்து பாக்கிறவுகளுக்கு நான் இப்படித்தான் தெரியிறேன் போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை.

"எங்கம்மா படுத்த படுக்கையா கிடந்தப்ப, 'என்கூட ஒரே ஒரு போட்டோ நில்லு ஆத்தா'ன்னு கேட்டுச்சு. எங்கண்ணன் போட்டோக்காரரையும் கூட்டிக்கிட்டு வந்துட்டாரு. நான் அடுப்படியில போயி கதவச் சாத்திக்கிட்டேன். அது மூணு தடவ கூப்பிட்டுச்சு. அப்புறம் கூப்பிடல."

கூடத்துக்குள்ளிருந்து யாரோ சாம்பார் வாளி எங்கே என்று கத்தினார்கள். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். இரண்டு எட்டு வைத்தவர் நின்று திரும்பினார்.

"கம்பத்துல இருந்து எங்கூருக்கு டவுன் பஸ்சு ஓடிக்கிட்டுத்தானண்ணே இருந்துச்சு?"

ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான்தான் ஏறவில்லை.